ஐம்பதைக் கடந்தவருக்கு ஏற்றது ஸ்போர்ட்ஸ் பைக்கா, டூரிங் பைக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் வட்டாரத்தில் ஐம்பது வயதைக் கடந்த பிறகும் மோட்டார் சைக்கிளை விட மனமில்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். 1980-ல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து வெளிவந்த காலம் தொட்டே இருசக்கர வண்டித் தொழில் இந்த மண்ணில் வேரூன்றி நிற்கிறது. அத்தொழிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், அங்கே உருவான வண்டிகளை ஓட்டி வளர்ந்தவர்களும் நம்மில் பலர். பிள்ளைகளின் படிப்பு முடிந்து, கடன்கள் அடைந்து, கையில் கொஞ்சம் பணம் நிற்கும் வயதில், இளமையில் வாங்க முடியாமல் போன பெரிய வண்டியை இப்போதாவது வாங்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. அப்போது எழும் கேள்விகளுக்கு, நானும் என் வயதொத்த நண்பர்களும் பல ஆண்டுகளாக வைத்து ஓட்டிய வண்டிகளை ஒப்பிட்டு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் பைக்கும் டூரிங் பைக்கும் எதில் வேறுபடுகின்றன?

முதல் வேறுபாடு உட்காரும் முறையில் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் கைப்பிடிகள், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்முனையை ஒட்டித் தாழ்வாக, இரண்டு தனித் துண்டுகளாகப் பூட்டப்பட்டிருக்கும். ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி, உயரத்தில் இருக்கும். ஆகவே ஓட்டுபவர் முழங்காலை நன்றாக மடக்கி, டேங்கின் மேல் குனிந்துதான் உட்கார முடியும். டூரிங் பைக்கில் ஹேண்டில்பார் அகலமாகவும் உயரமாகவும் இருக்கும், கால்கள் இடுப்புக்கு நேர் கீழேயோ சற்று முன்னாலோ நிற்கும், முதுகு நிமிர்ந்திருக்கும்.

மற்ற வேறுபாடுகள் இதையொட்டி வருபவை. ஸ்போர்ட்ஸ் பைக்கில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான நீளம் குறைவு என்பதால் வளைவில் சட்டென்று திரும்பும். டூரிங் பைக் நீளமானது என்பதால் நேர்சாலையில் ஆடாமல் ஓடும். முன்னதன் இன்ஜின் உயர்ந்த சுற்றுகளில்தான் முழுத் திறனையும் தரும். பின்னதன் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும் என்பதால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. டேங்க் கொள்ளளவு, சாமான் கட்டும் வசதி, ஷாக் அப்சார்பரின் மென்மை எல்லாம் அதற்கேற்றபடி அமைந்திருக்கும்.

அந்தக் காலத்தில் நாம் ஓட்டிய வண்டிகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

அப்போது ஷோரூமில் யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை. ஆனால் வண்டிகளின் குணத்தில் இந்தப் பிரிவு தெளிவாகவே இருந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் செய்த யெஸ்டி ரோடுகிங்கும், திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட்டும் நெடுந்தூர வண்டிகள். யெஸ்டியில் கியர் போடும் லீவரையே உள்ளே அழுத்தி மேலே சுழற்றினால் அது கிக்கராகிவிடும். ஒரே உதையில் இரண்டு சைலன்சரிலிருந்தும் நீலப் புகை வரும். அதன்பின் பெங்களூர் வரைக்கும் அதே சீரில் ஓடும். புல்லட்டில் எண்பதைத் தாண்டினால் அதிர்வில் கை மரத்துப் போகும், ஆனால் அறுபதில் அது ஓடும் ஓட்டத்துக்கு இன்றைக்கும் ஈடு சொல்வது கடினம்.

எதிர்ப்பக்கத்தில் 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் கொண்டு வந்த ராஜ்தூத் 350 இருந்தது. இரண்டு சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர், முதலில் வந்த வகையில் 30 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். மற்ற வண்டிகள் அந்தத் திறனை நெருங்கக்கூட முடியாத காலம் அது. அவ்வளவு வேகத்தையும் நிறுத்துவதற்கு முன்சக்கரத்தில் டிரம் பிரேக்தான் கொடுத்திருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ஐயும் நான் ஸ்போர்ட்ஸ் பக்கத்திலேயே சேர்ப்பேன். 98 சிசி, 11 குதிரைத்திறன் என்று எண்ணில் பார்த்தால் சிறிய வண்டிதான்; ஆனால் மொத்த எடையே சுமார் 103 கிலோ என்பதால் ஆக்சிலரேட்டரைத் திருகியதும் முன்சக்கரம் லேசாகித் துள்ளும்.

இரண்டுக்கும் நடுவில் 2003-ல் வந்தது ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. 223 சிசி, 17 குதிரைத்திறன், 15 லிட்டர் டேங்க், நெஞ்சுக்குக் காற்றுத் தடுப்பாக அரை ஃபேரிங், லேசாக மட்டும் முன்சாயும் உட்காரும் முறை. அதை வைத்திருந்தவர்கள் காலையில் கிருஷ்ணகிரியில் கிளம்பிச் சென்னைக்குப் போய்விட்டு, மறுநாள் களைப்பில்லாமல் வேலைக்குப் போனார்கள். இந்த வயதுக்காரருக்கு ஏற்ற வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று என்னிடம் யாராவது கேட்டால் முதலில் கரிஸ்மாவின் உட்காரும் முறையைத்தான் சொல்வேன்.

இளமையில் ஸ்போர்ட்ஸ் பைக்கில் வராத மணிக்கட்டு வலி இப்போது ஏன் வருகிறது?

குனிந்து உட்காரும்போது மேலுடலின் எடையை முதுகு, வயிற்றுத் தசைகள் தாங்க வேண்டும். அவை தளர்ந்துவிட்டால் அந்த எடை முழுவதும் உள்ளங்கை வழியாகக் கைப்பிடியில் இறங்குகிறது. இளமையில் வயிற்றுத் தசைகள் இறுகியிருந்ததால் கை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கையே தாங்குகிறது. விளைவாக முதலில் மணிக்கட்டு வலிக்கும், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகும், அதன்பின் கழுத்தின் பின்புறம் இறுகும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. ஸ்போர்ட்ஸ் பைக்கின் உட்காரும் முறை வேகத்துக்கென்று அமைக்கப்பட்டது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அதாவது ஐம்பதில் இருப்பதைப் போல நான்கு மடங்கு அழுத்தம் நூறில் நெஞ்சில் மோதும். அந்தக் காற்றே மேலுடலைத் தாங்கிப் பிடிப்பதால் நெடுஞ்சாலையில் மணிக்கட்டின் பாரம் குறைந்துவிடுகிறது. ஓசூர் பேருந்து நிலையம் பக்கத்திலோ கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலோ பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது அந்தத் தாங்கல் இல்லாததால், அதே வண்டி அரைமணி நேரத்தில் வாட்டி எடுத்துவிடும். என் நண்பர் ஒருவர் கேடிஎம் ஆர்சி 390 வைத்திருந்தார். சேலம் சாலையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பெங்களூருக்குள் நுழைந்து எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டிய பிறகுதான் வண்டியை ஓரங்கட்டிக் கையை உதறிக்கொண்டு நிற்பார். ஆகவே ஸ்போர்ட்ஸ் பைக் வாங்க நினைப்பவர், தாம் ஓட்டப்போவது பெரும்பாலும் ஊருக்குள்ளா, வெளியிலா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முழங்காலால் டேங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, முழங்கையைச் சற்று மடக்கி வைத்தால் வலி கணிசமாகக் குறையும். கையை நேராக விறைத்து ஊன்றிக்கொள்வதே பெரும்பாலோர் செய்வது. அதனால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் நேரே தோளுக்கு ஏறிவிடுகிறது.

அப்படியானால் நிமிர்ந்து உட்காரும் டூரிங் பைக் முதுகுக்கு நல்லதுதானே?

பாதி உண்மை. முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தால் மேலுடலின் எடை முழுவதும் இடுப்பெலும்பின் வழியாகச் சீட்டில் இறங்குகிறது. சாலையில் ஒரு பள்ளம் வந்தால் அந்த அடி சீட்டிலிருந்து நேராகத் தண்டுவடத்தில் ஏறும். லேசாக முன்சாய்ந்திருந்தால் அந்த அடியை முதுகு வளைந்து வாங்கிக்கொள்ளும், கையும் காலும் பங்கு போட்டுக்கொள்ளும். கால்களை முன்னால் நீட்டி உட்காரும் குரூசர் வகை வண்டிகளில் இந்தக் குறை இன்னும் கூடுதல், ஏனென்றால் பள்ளத்தைப் பார்த்ததும் ஃபுட்ரெஸ்டில் ஊன்றிச் சீட்டிலிருந்து எழுந்துகொள்ள அதில் வழியில்லை. இடுப்புக்கு நேர் கீழே கால் நிற்கும் வண்டியில் அரை நொடியில் எழுந்துவிடலாம். பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் முன்னறிவிப்பில்லாத வேகத்தடைகளைக் கடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எனவே மணிக்கட்டு வலி உள்ளவருக்கு நிமிர்ந்த வண்டியும், இடுப்பு வலி உள்ளவருக்கு லேசாக முன்சாய்ந்த வண்டியும் ஒத்துவரும். எலும்பு மருத்துவரிடம் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவர் வண்டி வாங்குவதற்கு முன் இதையும் அவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வண்டியின் எடையைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்?

ஓடும் வண்டியில் எடை தெரியாது. நிற்கும் வண்டியில்தான் தெரியும். எனக்குத் தெரிந்த வரையில், என் வயதுக்காரர்கள் பெரிய வண்டியோடு கீழே விழுந்தது பெரும்பாலும் நிற்கும்போதோ, தள்ளும்போதோ, திருப்பும்போதோதான்.

ஒரு சாதாரணக் காட்சியைப் பாருங்கள். டீக்கடை முன்னால் சாலையோரம் மண் சரிவாக இருக்கிறது. வண்டியை மூக்கு கீழே பார்க்கும்படி நிறுத்திவிட்டு டீ குடிக்கிறோம். திரும்பும்போது அதைப் பின்னோக்கி மேட்டில் தள்ளி எடுக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடி கால் நுனியால் உந்தினால் செருப்பு சரளைக்கல்லில் வழுக்குகிறது. இறங்கித் தள்ளினால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தால் பிடிக்க ஆளில்லை. ஆர்எக்ஸ் 100-ல் இது ஒரு விஷயமே கிடையாது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பெட்ரோல் இல்லாமலே 202 கிலோ. பெட்ரோலும் சாமானும் சேர்ந்தால் அதற்கும் மேலே போகும். கவாசாகி வெர்சிஸ் 650 போன்ற உயரமான டூரிங் வண்டியில் எடையும் உயரத்தில் இருப்பதால் ஒரு கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது.

சீட் உயரமும் இதோடு சேர்ந்தது. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ன் சீட் 765 மில்லிமீட்டர். பழைய 411 சிசி ஹிமாலயன் 800. 2020-ல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர் 855. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு முதல் வண்டியில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படியும், கடைசி வண்டியில் கால் நுனிதான் தொடும். முட்டி தேய்ந்தவர்களுக்கு, காலைச் சீட்டின் மேலாகத் தூக்கிப் போடுவதே நாளடைவில் சிரமமாகிவிடும், அதிலும் பின்னால் பெட்டி கட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஷோரூமில் ஏறி உட்காரும்போது செருப்போடு உட்காராமல், ஓட்டும்போது போடும் ஷூவோடு போய் உட்கார்ந்து பாருங்கள்.

நிறுத்தும்போதே வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்துப் பின்பக்கமாக இறக்கி நிறுத்தும் பழக்கம் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

தொப்பூர் கணவாயில் எந்த வண்டி நன்றாக நடந்துகொள்ளும்?

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூரில் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் தொடர்ந்து பிரேக்கை மிதித்து, பிரேக் சூடேறிப் பிடிப்பு இழந்து விபத்துக்குள்ளாகும் இடம் என்று தமிழகம் முழுவதும் அறியப்பட்டது. பைக்குக்கும் அதே இயற்பியல்தான் பொருந்தும், ஆனால் வண்டிக்கு வண்டி அது வேறுபடும்.

புல்லட் போன்ற ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஒரு கியர் குறைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜினின் இந்தப் பிடிப்பு மிகவும் குறைவு. ராஜ்தூத் 350-லும் ஆர்எக்ஸ் 100-லும் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் வண்டி தானாக வேகம் எடுத்துக்கொண்டே போகும், முழுப் பொறுப்பும் டிரம் பிரேக்கின் தலையில் விழும். அதோடு, பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி நெடுந்தூரம் இறங்கினால் பிஸ்டனுக்கு ஆயில் போதாமல் போகும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் பழைய யெஸ்டிக்காரர்கள் இறக்கத்தில் நடுநடுவே ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடுவார்கள்.

இன்றைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் பிரேக் பலமாக இருக்கிறது, ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டிகளில் சட்டென்று கியர் குறைத்தாலும் பின்சக்கரம் இழுபடாது. ஆனால் இறக்கத்தில் ஓட்டுபவரின் உடம்பே முன்னால் சரிந்து மணிக்கட்டில் விழுகிறது. அந்த நேரத்தில் கை இறுகிவிடுவதால் ஹேண்டிலைத் திருப்புவது தடைபடுகிறது. டூரிங் வண்டியில் உடம்பு சீட்டிலேயே நிற்கிறது, பார்வையும் உயரத்தில் இருப்பதால் இரண்டு லாரிக்கு அப்பால் நடப்பது தெரிகிறது. வளைவில் ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு இருக்கும் மேன்மை எல்லாருக்கும் தெரியும். இருந்தும் தொப்பூரைப் பொறுத்தவரை என் ஓட்டு டூரிங் வண்டிக்கே. எந்த வண்டியானாலும் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், லாரியின் பக்கவாட்டில் இணையாக ஓடாதீர்கள், சாலையின் நடுவில் சிந்திக் கிடக்கும் டீசல் மேல் கண் வைத்திருங்கள்.

ஆடி மாதத்தில் வண்டி ஒரு பக்கமாகத் தள்ளுவது ஏன்?

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பது நம் பக்கத்து நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு நேரடி அனுபவம். முழு ஃபேரிங் உள்ள வண்டி எதிர்க்காற்றை நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் பக்கக் காற்றுக்கு அந்தப் பெரிய பக்கவாட்டுத் தகடே பாய்மரமாகிவிடும். டூரிங் வண்டியில் இருபுறமும் பெட்டி கட்டியிருந்தாலும் அப்படியே. லாரியைக் கடந்து அதன் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில்தான் இந்த அடி திடீரென்று விழும். கையைத் தளர்வாக வைத்து, முழங்காலால் டேங்கைப் பிடித்து, வேகத்தைப் பத்து, இருபது குறைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

வீட்டம்மாவைப் பின்னால் உட்கார வைத்துப் போக எது வசதி?

இதில் விவாதமே கிடையாது, டூரிங் வண்டிதான். ஸ்போர்ட்ஸ் பைக்கில் பின்சீட் உள்ளங்கை அகலத்தில், ஓட்டுபவரின் சீட்டைவிட உயரத்தில் இருக்கும். பிடித்துக்கொள்ள ஒழுங்கான கைப்பிடி இருக்காது. பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் பின்னால் இருப்பவரின் எடை நம் முதுகில் ஏறி, அங்கிருந்து நம் மணிக்கட்டுக்கே வந்து சேரும். புடவை கட்டி ஒருபக்கமாக உட்காருவது அந்தச் சீட்டில் உண்மையாகவே ஆபத்து.

பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் ஆடை சிக்காதபடி பாதிச் சக்கரத்தை மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அழகு கெடுகிறது என்று சேலை கார்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிடுபவர்களைப் பார்க்கிறேன்; தயவு செய்து அதைத் திரும்ப மாட்டுங்கள். ஹெல்மெட்டும் இருவருக்கும் கட்டாயம்.

நெடுந்தூரம் போகும்போது எத்தனை மணிக்கு ஒருமுறை நிற்பது என்பதைப் பின்னால் இருப்பவரே முடிவு செய்யட்டும். அவர் இறங்கி நடந்தால் நமக்கும் ஓய்வு கிடைக்கும்.

பழைய கால் பழக்கம் புதிய வண்டியில் தொல்லை தருமா?

தரும். பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில் இருந்தது. பின்னாளில் அது மற்ற வண்டிகளைப் போலவே இடப்பக்கக் கியராக மாறிவிட்டது. பல ஆண்டுகள் வலக்கால் கியர் போட்டவருக்குச் சாதாரணமாகப் புதிய வண்டி பழகிவிடும். ஆனால் குறுக்கே ஒரு மாடு வந்த அதிர்ச்சியில் இடக்கால் பிரேக்கைத் தேடி மிதித்தால், அங்கே கியர்தான் இருக்கும். பழைய புல்லட்டையும் புதிய வண்டியையும் ஒரே வீட்டில் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள் இதை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும்.

இன்னொரு பழக்கம் பின்பிரேக்கை மட்டுமே நம்புவது. முன்சக்கரத்தில் டிரம் இருந்த காலத்தில், முன்பிரேக் பிடித்தால் வண்டி தூக்கி அடித்துவிடும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையதே. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் பயமில்லாமல் முன்பிரேக்கை அழுத்தலாம். லீவரில் ஏபிஎஸ் துடிப்பதைக் கண்டு பயந்து கையை விட்டுவிடக் கூடாது. ஆளில்லாத சாலையில் இதை வேண்டுமென்றே பழகிப் பார்த்துவிட வேண்டும்.

இரவில் ஓட்டலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள் என்பதே என் பதில். வயது ஏறும்போது கண்ணின் லென்ஸ் மங்கி, எதிரே வரும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. வெளிச்சம் கடந்து போன பிறகு இருட்டுக்குக் கண் பழகவும் கூடுதல் நேரம் ஆகிறது. அந்தச் சில நொடிகளில் வண்டி நூறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கண்புரை தொடங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். குனிந்து உட்காரும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் எதிர் கார்களின் விளக்கு நேராகக் கண்ணில் படுவதால் தொல்லை சற்று அதிகம்.

தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் போவோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ராகி விளையும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் அங்கே வருகின்றன. சைலன்சர் சத்தம் கேட்டால் யானை விலகிப் போகும் என்று நம்ப வேண்டாம். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள்.

வெயிலும் இன்ஜின் சூடும் எந்த வண்டியில் அதிகம் தெரியும்?

ஃபேரிங் மூடிய, தண்ணீரால் குளிரும் ஸ்போர்ட்ஸ் பைக்கில். நெரிசலில் ஃபேன் ஓடத் தொடங்கியதும் சூடான காற்று நேராகத் தொடையில் அடிக்கும். ஓசூர் சுமார் 3000 அடி உயரத்தில் இருப்பதால் காலையில் அங்கே கிளம்பும்போது தெரியாத வெயில், மலையிறங்கிக் கிருஷ்ணகிரியைத் தாண்டிக் காவேரிப்பட்டணம் வரும்போது உறைக்கும். வயதானால் தாகமும் தாமதமாகத்தான் தெரியும், ஆகவே தாகம் எடுக்காவிட்டாலும் நிற்கும் இடமெல்லாம் தண்ணீர் குடியுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டு ஓட்டக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே தெரியாமல் போகலாம் என்பதால் மருத்துவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

மனசு விடாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நெடுந்தூரத்துக்கு அதை நம்ப வேண்டாம். பிஸ்டன் வேலையும், சிலிண்டரைக் குடைந்து சீராக்கும் ரீபோர் வேலையும் தெரிந்த மெக்கானிக்குகள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். அசல் உதிரி பாகங்கள்தான் அரிதாகிவிட்டன. இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சக்கூடியது, பழைய ரப்பர் பாகங்களையும் அரிக்கும். ஓட்டாமல் மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வையுங்கள், பெட்ரோல் டியூபை அவ்வப்போது மாற்றுங்கள். பதிவு முடிந்து 15 ஆண்டுகள் ஆன வண்டிக்கு, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி எனும் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் ஆர்சியோடு ஒத்துப்போகின்றனவா என்று தேய்த்துப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்துக்கு வயது வரம்பு உண்டா?

மேல் வரம்பு கிடையாது. 2019 திருத்தச் சட்டத்தின்படி, 55 வயதைக் கடந்தவர் புதுப்பித்தால் உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். 40 வயதைக் கடந்தவர் விண்ணப்பத்தோடு மருத்துவரிடம் பெற்ற படிவம் 1ஏ இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கையெழுத்துக்காக மட்டும் வாங்காமல், கண்ணை உண்மையாகவே சோதித்துக்கொண்டு வாங்குங்கள்.

முடிவாக எந்த வண்டியை வாங்கலாம்?

வண்டியின் பெயரைவிட ஓட்டுபவரின் உடம்பையும் வழியையும் வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். வாரம் ஒருமுறை ஊருக்கு வெளியே தனியாக ஓடவேண்டும், முழங்காலும் மணிக்கட்டும் நன்றாக இருக்கின்றன என்பவர் ஸ்போர்ட்ஸ் வண்டியை ஆசைப்பட்டு வாங்குவதில் தவறே இல்லை. 2017 இறுதியில் ஓசூரிலிருந்தே வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 நம் ஊர்க்காரர்களுக்குப் பெருமையான வண்டி; 312 சிசியில் எடையும் கைக்கு அடங்கும். பின்னால் ஆளோடு, சாமானோடு போகிறவருக்கு மீட்டியார் 350 போன்ற தாழ்ந்த சீட்டுள்ள வண்டி நிம்மதி. கிராமச் சாலையும் மலைச் சாலையும் அதிகம் என்றால், கால் எட்டும் உயரமுள்ளவர் ஹிமாலயன் வகையைப் பார்க்கலாம். நெடுஞ்சாலையே பிரதானம் என்பவருக்கு பஜாஜ் டோமினார் 400 போன்ற, நிமிர்வுக்கும் குனிவுக்கும் நடுவில் உள்ள வண்டி பொருந்தும்.

என் சொந்தத் தேர்வு அந்த நடுவகையே. 170 முதல் 190 கிலோவுக்குள், 800 மில்லிமீட்டருக்கு மிகாத சீட்டோடு, கண்ணாடித் தடுப்பு உள்ள வண்டி எதுவானாலும் எனக்குச் சம்மதம். இரண்டு வகையையும் வைத்து ஓட்டிய நண்பர்களில் பெரும்பாலோரும் கடைசியில் இந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

ஷோரூமில் கொடுக்கும் சோதனை ஓட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வலியின் கணக்கு இரண்டாவது மணி நேரத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே அதே வண்டியை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு காலைப் பொழுதுக்குக் கேட்டு வாங்குங்கள். கிருஷ்ணகிரியில் விடிந்ததும் கிளம்பி, தருமபுரி வழியாகத் தொப்பூர் இறங்கி, அங்கேயே திரும்பி மேலேறி வாருங்கள். வரும் வழியில் தருமபுரி ஊருக்குள் நான்கு சாலைச் சந்திப்பு நெரிசலில் வேண்டுமென்றே ஒருமுறை புகுந்து வெளியே வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, வாசலிலிருந்து வண்டி நிறுத்தும் இடம் வரை இறங்கித் தள்ளிக்கொண்டு போய், ஒருமுறை முழுதாகத் திருப்பி, சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். மறுநாள் காலை எழுந்ததும் கழுத்தும் இடுப்பும் முட்டியும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு முன்பணம் கட்டப் போங்கள்.